சான்றிதழ் இருக்கிறது, ஒரு மாதம் தாண்டி வேலையில் ஏன் நிற்பதில்லை?

நொய்யல்கரையான்:
திருப்பூரில் எங்களுடையது 60 மெஷின் ஓடுகிற பனியன் யூனிட். வேலைவாய்ப்பு முகாமில் மாற்றுத்திறனாளிகள் நாலு பேரை எடுத்தோம். இப்போது இருப்பது ஒருவர்தான். பயிற்சி மையத்தில் தையல் படித்துச் சான்றிதழோடு வருகிறார்கள், துணி ஓரத்தைப் பிசிறில்லாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தால் கை நடுங்குகிறது. இந்தப் பயிற்சிக்குச் செலவழிக்கிற பணத்துக்குப் பலன் உண்டா? கோபப்படாமல் பதில் சொல்லுங்க.

காங்கயத்து டீச்சர்:
நான் அப்படியொரு மையத்தில்தான் சொல்லிக் கொடுக்கிறேன். எங்களிடம் இருப்பது அரசு இலவசமாகத் தருகிற மாதிரி மோட்டார் வைத்த வீட்டு மெஷின். உங்கள் பவர் மெஷின் நிமிடத்துக்கு 4000 தையலைத் தாண்டிப் போகும். நடுங்காமல் என்ன செய்யும்? அது எங்கள் குறை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன் அண்ணா. உங்களிடம் வருகிற மற்றவர்கள் எல்லாம் ஓவர்லாக் தெரிந்தா வருகிறார்கள்? கைமடியாக, அதாவது டெய்லருக்கு எடுபிடியாகச் சேர்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் காலியாக இருக்கும்போது வேஸ்ட் துணியை ஓட்டிப் பார்க்கிறார்கள். டெய்லர் திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுக்கிறார். கொஞ்ச நாளில் அவர்களும் டெய்லர். திருப்பூரே இப்படித்தான் தொழில் படித்தது. கால் ஊனமான பிள்ளை மட்டும் முதல் நாளே முழு டெய்லராக வந்து நிற்க வேண்டுமா?

நொய்யல்கரையான்:
கைமடிக்கு ஓடியாட வேண்டுமே டீச்சர். பண்டல் தூக்க வேண்டும். லைனில் ஒருவர் தாமதித்தால் பின்னால் பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் இவர்களை செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் போடுகிறோம். உட்கார்ந்த வேலை, சிரமம் இல்லை. பீஸ் ரேட்டில் யாரையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. தைத்தால் காசு.

ஊன்றுகோல்:
பிரித்துப் பார்ப்பதில்லை என்கிறீர்கள், ஆனால் மெஷினே பிரித்துப் பார்க்கிறதே. எனக்கு வலது காலில் போலியோ. சிங்கிள் நீடில் (ஒற்றை ஊசி) பவர் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்க வலது முழங்காலால் ஒரு தட்டைத் தள்ள வேண்டும். என்னால் முடியாது. பின்னால் இருக்கிற கைப்பிடியைக் கையால் தூக்கித் தைத்தேன். துணியைவிட்டுக் கையை எடுக்க வேண்டும், தூக்க வேண்டும், மறுபடி துணியைப் பிடிக்க வேண்டும். ஒரு பீஸில் அது ஒன்றும் பெரிதில்லை. சனிக்கிழமை சம்பளத்தில் நன்றாகவே தெரிந்தது.

அடுத்துப் போன கம்பெனியில் மெக்கானிக் ஒருவர் பார்த்தார். ஓவர்லாக்கில் இருக்கிற மாதிரி இடது காலுக்கு ஒரு சின்ன மிதி, அதிலிருந்து ஃபுட்டுக்கு ஒரு சங்கிலி. பழைய சாமான்தான், மாட்டிவிட்டார். இப்போது பக்கத்து மெஷின்காரருக்கு நான் குறைச்சல் இல்லை.

முதல் கம்பெனியை நான் விட்டது தையலால்கூட இல்லை. கக்கூஸ் மாடியில். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு வேனில் ஏறினால் முதல் படி என் இடுப்பு உயரம். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் எங்களுக்கும் கூட வருகிறவருக்கும் டிக்கெட் இல்லை, நல்ல விஷயம்தான். அந்த நேரத்துக்கு எங்கள் ஊருக்கு பஸ் வேண்டுமே! உங்களிடம் வேலையை விட்டுப்போன மூன்று பேரிடம் ஏன் விட்டீர்கள் என்று கேட்டீர்களா?

நொய்யல்கரையான்:
கேட்கவில்லை. போனை எடுப்பதில்லை.

சூலூர் தங்கச்சி:
என் அண்ணனுக்குக் காது கேட்காது. பவர் மெஷினில் அசத்துவார். ஆனால் போகிற இடத்தில் எல்லாம் பேக்கிங்தான், ஸ்டிக்கர் ஒட்டு, பாலித்தீன் கவரில் போடு. சூப்பர்வைசர் அளவு மாறியதை வாயால் கத்திவிட்டுப் போவார், இவருக்கு எப்படித் தெரியும்? பழைய அளவிலேயே தைத்து வைத்து, பிரித்துத் தைக்கிற ஆல்ட்ரேஷன் வந்தால் பழி இவர் மேல். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

அப்புறம் நொய்யல் அண்ணா, 60 மெஷின் என்றால் 20 பேருக்கு மேல்தானே? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் விதிப்படி அந்த அளவுள்ள தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை எழுதி, எந்தெந்த வேலை மாற்றுத்திறனாளிக்குப் பொருந்தும், என்ன வசதி உண்டு என்று காட்ட வேண்டும். அதைப் பார்க்கத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் வைக்க வேண்டும். உங்களிடம் இருக்கிறதா?

நொய்யல்கரையான்:
மாற்றுத்திறனாளிக்கு 4 சதவீத இட ஒதுக்கீடு அரசு வேலைக்குத்தானே?

சூலூர் தங்கச்சி:
இட ஒதுக்கீடு அரசுக்கு. தனியாரில் 5 சதவீதம் பேரையாவது எடுக்க ஊக்கம் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவு சொல்கிறது. கொள்கை எழுதுவது அதற்குச் சம்பந்தமில்லாத தனிக் கடமை.

கோபிக்காரன்:
எல்லோரும் காலையும் காதையும் பற்றியே பேசுகிறீர்கள். என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. இந்த லைன், பீஸ் ரேட், ஒன்றரை ஷிப்ட் எதுவும் அவனுக்கு ஆகாது. அரசு வேலையிலும் அந்த 4-ல் பார்வை, காது, கை கால் மூன்றுக்கும் ஒவ்வொரு சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல குறைபாடு எல்லாம் சேர்ந்து மிச்சம் ஒரு சதவீதத்தில். அவனைப் போன்றவர்களுக்கென்று தனிப் பட்டறை இருந்தால் போதும் என்கிறேன் நான். கம்பெனியில் போய் அவமானப்பட வேண்டாம்.

காங்கயத்து டீச்சர்:
தனிப் பட்டறையில் கைச்செலவுக்குக் காசு கிடைக்கும், சம்பளம் கிடைக்காது தம்பி. முதல் சில வாரம் ஒருவர் பக்கத்திலேயே நின்று பழக்கினால் லேபிள் எண்ணுவது, பீஸ் மடிப்பது எல்லாம் உன் தம்பிக்குக் கம்பெனியிலேயே வரும்.

கோபிக்காரன்:
அந்த ஒருவர் யார் டீச்சர்? நீங்கள் வருவீர்களா?

காங்கயத்து டீச்சர்:
வருவேன். பயிற்சியின் கடைசி மாதத்தைக் கம்பெனிக்குள் நடத்த விடச் சொல்லுங்க. சான்றிதழ் கொடுத்ததோடு எங்கள் கணக்கு முடிகிறது. அதற்குப் பிறகு யார் நின்றார், யார் போனார் என்று எங்களை யாரும் கேட்பதில்லை. அங்கேதான் கோளாறே.

நொய்யல்கரையான்:
கடைசி மாதம் என் லைனிலா? சரி, சீசன் இல்லாதபோது வாங்க. கிறிஸ்துமஸ் ஆர்டர் ஓடும்போது முடியாது.

ஊன்றுகோல்:
சீசன் இல்லாதபோது இருக்கிற டெய்லருக்கே வேலை இருக்காதுங்க. ஆர்டர் நெருக்கும்போதுதானே ஆள் போதாமல் கைமடியைக்கூட மெஷினில் உட்கார வைக்கிறீர்கள்? அப்போது கூப்பிடுங்க.