‘ரிட்டர்ன் சார்ட்’: சுற்றுநிறைவா, மீள்வரவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜாதக மென்பொருள் தமிழாக்கத்தில் மிச்சமிருக்கும் சரங்களில் (திரையில் தெரியும் சொற்களில்) என்னை அதிகம் படுத்துவது இந்த ‘ரிட்டர்ன்’தான். சோலார் ரிட்டர்ன், லூனார் ரிட்டர்ன், சாட்டர்ன் ரிட்டர்ன் என்று பட்டியில் மூன்று இடத்தில் வருகிறது. பொருள் எளிது. பிறந்தபோது ஒரு கிரகம் எந்தப் பாகை, கலை, விகலையில் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை) நின்றதோ, அதே இடத்துக்கு அது மறுபடி வந்து சேரும் நொடிக்கு ஒரு கட்டம் போடுகிறோம். சூரியன் வந்து சேர ஒரு வருஷம், சந்திரனுக்கு 27 நாளும் சில மணி நேரமும், சனிக்குச் சுமார் 29½ வருஷம்.

சோதனைப் பதிப்பில் ‘சூரியன் திரும்பும் ஜாதகம்’ என்று போட்டு, போன மாதம் என் பெரியப்பாவிடம் காட்டினேன். பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு கையால் கட்டம் போட்டே பழகியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கருகே குனிந்து பார்த்தார். “சூரியனுக்கு ஏதுடா வக்கிரம்?” என்றார். அவர் காதில் கிரகம் ‘திரும்புவது’ என்றால் பின்னோக்கிப் போவதுதான். சூரியனும் சந்திரனும் வக்கிரமாவதே இல்லை. அன்றே அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

‘வருஷ ஜாதகம்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். தாஜகம் என்ற ஜோதிட முறையில் அந்தந்த வயதின் வருஷபலத்துக்குப் போடும் கட்டம் இதேதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சூரியனுக்கு மட்டும் பொருந்தும். சனிக்கு எப்படி வருஷ ஜாதகம்? தவிர, ‘வருஷ பலன்’ என்றாலே நம் ஆட்கள் சித்திரை முதல் தேதி வரும் ராசிபலனைத் தேடுவார்கள். ‘மீட்சி’யும் வேண்டாம், ‘சனி மீட்சி’ என்று பார்த்தால் சனியிடமிருந்து தப்பித்தோம் என்றுதான் படும். வெறும் ‘சுற்று’ என்று வைத்தால் ஏழரைச் சனியின் முதல் சுற்று, இரண்டாம் சுற்றோடு குழம்பும். ஏழரை ஜன்ம ராசியை, அதாவது சந்திரன் நின்ற ராசியை வைத்து எண்ணுவது. இது சனி தான் நின்ற இடத்துக்கே வருவது.

என் பரிந்துரை: ‘சுற்றுநிறைவு’. குழந்தைக்கு ஆண்டுநிறைவு கொண்டாடுகிறோம், அது சூரியனின் சுற்றுநிறைவுதானே? அறுபதாம் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் குரு 5 சுற்றும் சனி 2 சுற்றும் முடித்துப் பிறந்தபோது நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தமிழ் வருஷப் பெயரும் திரும்ப வரும். நம் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கும் கருத்துக்கு இந்தச் சொல் இயல்பாக ஒட்டுகிறது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

தம்பி, ஆண்டுநிறைவு ஒப்புமை அழகுதான். ஆனால் சனியை விட்டுவிட்டீர்கள். சனி ஒவ்வொரு வருஷமும் நாலரை மாதம்போல வக்கிரத்தில் இருக்கும். பிறந்த பாகை அந்த இடைவெளியில் மாட்டினால் ஒருமுறை நேரே போகும்போது, ஒருமுறை பின்னே வரும்போது, மறுபடி நேரே போகும்போது என மூன்று தடவை தொடும். மென்பொருள் மூன்று தேதியும் காட்டும். ஒரு சுற்று எப்படி மூன்று தடவை நிறையும்? ‘மீள்வரவு’ என்று வைத்தால் முதல் மீள்வரவு, இரண்டாம் மீள்வரவு என்று எண்ணலாம். வரவு செலவு ஞாபகம் வருமே என்று யோசித்தேன். ‘மீள்’ முன்னால் நிற்பதால் அந்தக் குழப்பம் வராது.

*

அக்கா, நீங்கள் சொல்வது சரி. ‘நிறைவு’ இதற்கு உதவாது. நிரலிலும் இதே சிக்கல் இருக்கிறது, அதை நான் சொல்லோடு சேர்த்துப் பார்க்கவில்லை. சூரியனுக்குப் பிறந்தநாள் தேதியில் ஆரம்பித்து, பாகை வித்தியாசத்தை அன்றைய கதியால் (ஒரு நாளில் நகரும் அளவால்) வகுத்து நகர்த்தினால் நாலைந்து தடவையில் நொடிவரை வந்துவிடும். சனிக்கு அப்படிச் செய்தால் மூன்றில் ஏதோ ஒன்றில் போய் நின்றுவிடும். அதனால் நாள் நாளாக நகர்ந்து, எங்கெல்லாம் பாகையைத் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

எனவே ‘மீள்வரவு’, ‘மீள்வரவு நேரம்’, ‘மீள்வரவு ஜாதகம்’. ‘நேரம்’ என்ற சரம் தனியாக வேண்டும். ஏனென்றால் இதில் உயிரே அந்த நேரம்தான். சூரியன் ஒரு கலை நகரச் சுமார் 24 நிமிடம் ஆகும். அதற்குள் லக்னம் (கிழக்கு அடிவானத்தில் உதிக்கும் ராசிப்புள்ளி) ஏறக்குறைய 6 பாகை போய்விடும். ஒரு கலை தப்பினால் லக்னமே மாறலாம்.

இதனால்தான் சாயனமா (வசந்த காலச் சம இரவுப் புள்ளியிலிருந்து அளப்பது) நிரயணமா (நட்சத்திரங்களை வைத்து அளப்பது) என்ற தேர்வையும் அமைப்புகளுக்குள் ஒளிக்காமல் இதே பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். இரண்டு வருஷ அளவுக்கும் சுமார் 20 நிமிட வித்தியாசம், அது வருஷா வருஷம் சேரும். 36 வயதுக்காரருக்கு 12 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். லக்னம் ஏறத்தாழ எதிர்ப்பக்கம் நிற்கும். நிரயணத்துக்குள்ளேயே இன்னொன்று உண்டு. பெரியப்பா சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல்படி வருஷத்துக்கு 365 நாள் 15 நாழிகை 31½ விநாழிகை கூட்டுவார். அது இன்றைய நட்சத்திர வருஷ அளவைவிட மூன்றரை நிமிடம்போல அதிகம். 40 வயதில் இரண்டேகால் மணி நேரம், லக்னம் ஒரு ராசி தள்ளிவிடும். அவர் கட்டமும் மென்பொருளின் கட்டமும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு ராத்திரி நிரலைத் துழாவியபின் பிடிபட்டது இது.

கட்டத்தை எந்த ஊருக்குப் போடுவது என்பதற்கு இரண்டு தேர்வு: ‘பிறந்த ஊர்’, ‘அப்போது இருக்கும் ஊர்’. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

உதவிக் குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன்: “மீள்வரவு: ஒரு கிரகம், பிறந்தபோது தான் நின்ற அதே பாகை, கலை, விகலைக்கு மீண்டும் வருவது. வக்கிரத்தால் ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் நிகழலாம்.” ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் காட்டிவிட்டு, திங்களன்று சரங்களைப் பதிவேற்றுகிறேன். அதற்குள் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.