மறு: டெரெய்ன் ஃபீச்சருக்குத் தமிழில் என்ன? நிலக்கூறு, விகாரம்

எல்லோருக்கும் வணக்கம்.

அழிவுக்குப் பிந்தைய உலகத்தில் நடக்கும் நம் பகடை ஆட்டத்தின் வரைபடத்தில் மலை, பள்ளம், இடிபாடு என்று வருகிறவற்றை (டெரெய்ன் ஃபீச்சர்) தமிழில் எப்படி அழைப்பது என்று இந்த இழையில் நடக்கும் பேச்சை மூன்று நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுதச் சோம்பல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நானே மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன். அறுகோணக் கட்டம் போட்ட தாளில் வற்றிப்போன கடல் ஒன்றை வரைந்து, நடுவில் துருப்பிடித்த கப்பல் ஒன்றை வைத்திருந்தேன். விதித்தாளில் அது “நிலப்பரப்பு அம்சங்கள்” என்ற தலைப்பின் கீழ் வருகிறது. எட்டாவது படிக்கும் அக்கா மகன் கேட்டான்: “மாமா, கப்பல் எப்படி நிலப்பரப்பு ஆகும்?” பகடையைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் விளக்கினேன். அதற்குள் ஆட்டச் சூடு ஆறிவிட்டது. தவிர, அந்தத் தொடரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தாலுகா ஆபீஸ் அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

இதுவரை வந்தவற்றில் ‘நிலத்தோற்றம்’ பள்ளிப் புவியியல் சொல். மலை, பீடபூமி, சமவெளிக்குச் சரி. இடிந்து கிடக்கும் மேம்பாலத்துக்குப் பொருந்தாது. ‘நிலவுரு’ என்றால் பாதிப் பேர் நிலவு + உரு என்றுதான் பிரிப்பார்கள். ‘படிவம்’ என்று இந்த இழையில் ஓர் அண்ணா சொன்னதை உடனே தள்ள மனம் வரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் “முறைமையின் திரிந்து” “பாலை என்பதோர் படிவம் கொள்ளும்” என்று சிலப்பதிகாரம் சொல்வது நம் ஆட்டத்தின் உலகத்துக்கே எழுதியது போல இருக்கிறது. ஆனால் “எதிரே ஒரு படிவம் தெரிகிறது” என்று நான் சொன்னால் எவனாவது “கையெழுத்து எங்கே போடணும்?” என்பான்.

என் ஓட்டு ‘நிலக்கூறு’க்கு. கப்பல், பள்ளம், கருகிய காடு எல்லாம் அதில் அடங்கும். அதற்குள் இரண்டு வகை: அழிவு தொடாதது இயல்பு, தொட்டது விகாரம். இரண்டு சொற்கள் சேரும்போது எழுத்து மாறாவிட்டால் இயல்பு, மாறினால் விகாரம் என்கிற புணர்ச்சி இலக்கணத்தில் இருந்து அப்படியே எடுத்ததுதான். விகாரம் மூன்றும் நிலத்துக்கு எவ்வளவு ஒட்டுகிறது என்று பாருங்கள்.

தோன்றல்: முன்பு இல்லாதது வந்து நிற்பது. கஜகஸ்தானில் 1965 ஜனவரியில் சோவியத்துகள் அணுகுண்டு வெடித்துத் தோண்டிய சாகன் ஏரி போல. பள்ளமே சுமார் 400 மீட்டர் அகலம். திரிதல்: இருந்தது வேறாவது. 1986இல் செர்னோபில் அணு உலை விபத்தில் பக்கத்துப் பைன் மரங்கள் கதிர்வீச்சில் செம்பழுப்பாகிச் செத்தன, செங்காடு என்றே பெயர். கெடுதல்: இருந்தது இல்லாமல் போவது. ஆரல் கடலுக்கு வந்த ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பியதில் உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் துறைமுகத்தை விட்டுக் கடலே போய்விட்டது, கப்பல்கள் மணலில் நிற்கின்றன. என் கப்பலும் அங்கிருந்து திருடியதுதான்.

இது வெறும் பெயர் விளையாட்டு இல்லை, விதியும் கூடவே வருகிறது. தோன்றல் தூரத்திலிருந்தே தெரியும், அதனால் முதலிலேயே வரைந்து காட்டிவிடலாம். திரிதல் கட்டத்துக்குள் கால் வைத்தால்தான் புரியும், பகடை போட வேண்டும். கெடுதல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஆட்டக்காரர்கள் கையில் பழைய வரைபடம் இருக்கும், அதை நம்பித் துறைமுகத்துக்குப் போவார்கள், கடல் இருக்காது.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியா என்ற ஊரை எதில் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். 1962இலிருந்து அடியில் நிலக்கரி எரிகிறது, தரை வெடித்துப் புகை வந்தது, ஊர் காலியாகிவிட்டது. ஏன் ஒன்றில் மட்டும் சேர்க்க வேண்டும்? பனை + காய் பனங்காய் ஆகும்போது ஐ கெட்டு, அம் தோன்றி, ம் ங் ஆகத் திரியவில்லையா? ஒரே கட்டத்தில் மூன்றையும் போடுங்கள்.

விகாரம் வடசொல் என்று அடுத்த மடல் வரும், தெரியும். ‘திரிபு’ என்று மாற்றலாம்தான், ஆனால் திரிதல் அதன் கீழே ஒரு வகையாகவும் வருவதால் மேசையில் குழப்பம் வரும். நான் விகாரத்தோடே நிற்கிறேன். அசிங்கம் என்ற பேச்சுவழக்குப் பொருள் கூட வந்தால் வரட்டும்.

இன்னொன்று, இருக்கிற சொல்லுக்குப் பதிலாகப் புதுச்சொல் கட்ட வேண்டாம். செம்மணல் மேட்டுக்குத் தேரி, சிறு பாறைக்குன்றுக்குக் கரடு, உப்புப் பூத்த மண்ணுக்குக் களர். இலங்கை நண்பர் அனுப்பிய தரவையும் (திறந்த புல்வெளி) வில்லும் (ஆற்றுவெள்ளம் தேங்கும் ஆழமற்ற நீர்நிலை) அருமை, இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

மாட்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. 1945இல் நியூ மெக்சிகோ அணுகுண்டுச் சோதனையில் பாலைமணல் உருகிப் பச்சைக் கண்ணாடியானதே, அந்த மாதிரித் தரைக்கு என்ன பெயர்? ‘உருகுமணல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வினைத்தொகை என்பதால் உருகியதா, இன்னும் உருகிக்கொண்டிருக்கிறதா என்று சொல்லாது. ஆட்டக்காரர்களை மிரட்ட வசதி, விதித்தாளில் எழுதத்தான் இடைஞ்சல். வேறு ஏதாவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன்.