ரோல் பார், பக்கவாட்டு இடி: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

ஹாரோ_எம்ஜிபி

என்னுடையது 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், மேல் திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ரோல் பார், அதாவது கார் உருண்டால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் நிக்கிற இரும்பு வளையம், ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு வேர்க்‌ஷொப்பில் போட்டது. பேர் வேண்டாம். போன மாதம் டிராக் நாளுக்கு (சொந்தக் காரை ரேஸ் தடத்தில் ஓட்டுற நாள்) போக முந்தி எல்லா போல்ட்டையும் ஒருக்கா இறுக்கிப் பார்ப்பம் என்று குனிஞ்சனான். இடப்பக்கக் காலின் போல்ட்டில் ஸ்பேனரை வைச்சால் சுத்துது, சுத்துது, இறுகவே இல்லை. கார்ப்பெட்டைக் கிழிச்சு எடுத்தேன். கீழே தகடு முழுக்கத் துரு. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அடியில் பாரத்தைப் பரப்பிற பிளேட் இல்லை. காசு அளவு வாஷர், அதுவும் தகட்டுக்குள் பாதி புதைஞ்சு கிடந்தது.

வெளியில் பார்க்கப் பார் பளபளவென்று நல்லாத்தான் இருக்கு. என் மகள் ரெண்டு வருசமாக வளைவுகளில் அதைத்தான் கையால் பிடிச்சுக்கொண்டு வந்தவள். அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நிக்குது. கார் ஒருக்கா உருண்டிருந்தால் அந்தக் கால் தகட்டைக் கிழிச்சுக்கொண்டு கீழே போயிருக்கும், பாரும் எங்கள் தலையோடு சேர்ந்து இறங்கியிருக்கும். உங்களில் யாராவது இப்படிக் கண்டிருக்கிறீங்களா?

ஹெரால்டு_குரோம்பேட்டை

அண்ணா, உருள்றதைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. எனக்குப் பக்கவாட்டுலதான் பயம். எங்க வீட்டுல இருந்தது சென்னையிலயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ரெண்டு கதவு. சிக்னல் தாண்டும்போது ஒரு வேன் அப்பா பக்கம் வந்து இடிச்சுது. வேகம்னு சொல்ல ஒண்ணுமில்ல, இருபது இருபத்தஞ்சு இருக்கும். ஆஸ்பத்திரியில போர்வையை விலக்கினப்ப அப்பா தொடையில ஜன்னல் சுத்துற கைப்பிடி அச்சு அப்படியே பதிஞ்சிருந்தது. வளைவு, நுனியில இருக்கிற குமிழ், எல்லாம் தெரிஞ்சுது. கதவுக்கும் அப்பாவுக்கும் நடுவுல எதுவுமே இல்லன்னு அப்பதான் உறைச்சுது.

இப்ப நான் ஸ்பிட்ஃபயர்னு மேல் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு தயார் பண்ணிட்டிருக்கேன். ஹெரால்டு சேசிஸ்தான், ஆனா ரெண்டு பக்கமும் நீளமா ஓடுற இரும்புச் சட்டம் (ரெயில்) இதுல கிடையாது. அந்த வேலையை பாடியோட சில்தான், அதாவது கதவுக்குக் கீழ நீளமா ஓடுற தகட்டுப் பெட்டிதான் செய்யுது. கதவுக்குள்ள ஒரு இரும்பு பைப் வச்சு வெல்ட் பண்ணிடலாம்னு இருக்கேன். அமெரிக்காவுல 1973லயே கார் கதவு பக்கவாட்டு அழுத்தத்தை இவ்வளவு தாங்கணும்னு கட்டாயம் ஆக்கிட்டாங்களே, அதுக்குத்தான் கதவுக்குள்ள அப்படி ஒண்ணு வச்சாங்க.

கோவை_ஃபேப்ரிகேட்டர்

ஹெரால்டு தம்பி, பைப் வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. இடி வந்தா அந்தப் பைப் பாரத்தை எங்க கொண்டு போய்க் கொடுக்கும்? முன்னாடி கீல், பின்னாடி பூட்டு, ரெண்டும் நிக்கற தூண். தூண் துருப்பிடிச்சிருந்தா கதவு பைப்போட சேர்ந்து முழுசா உள்ள வரும். ஸ்பிட்ஃபயர்ல சில்லும் போயிருந்தா கேக்கவே வேண்டாம். மொதல்ல சில், அப்புறம் தூண், கடைசியாத்தான் கதவு. ரேஸ் வண்டி மாதிரி கதவு வாசலுக்குக் குறுக்க டோர் பார் வேணும்னா முன்காலும் சேர்த்து முழுக் கூண்டு கட்டணும். அப்ப தினமும் ஏறி இறங்க முழங்காலைத் தூக்கித் தாண்டணும், அதையும் யோசிச்சுக்குங்க.

என் கதை சின்னதுங்க. ஒருத்தர் கேட் செய்யற பைப்பை வளைச்சுக் கொண்டு வந்து "வெல்ட் மட்டும் பண்ணிக் கொடுங்க"ன்னார். வளைவோட உள்பக்கம் சுருங்கி மடிஞ்சிருந்துச்சு, தையல் கோடு வெளிப்பக்கமா வாய் பிளந்துட்டு இருந்துச்சு. முடியாதுன்னுட்டேன். வேற எடத்துல பண்ணிக்கிட்டாராம். அந்த வண்டியை இன்னும் ரோட்டுல பார்க்கறேன்.

அதனால சொல்றேன். சீம்லெஸ் (தையல் கோடு இல்லாதது), கோல்டு ட்ரான் (சூடாக்காம இழுத்துச் செஞ்சது) டியூப் மட்டும். எஃப்ஐஏ (உலக கார் ரேஸ் அமைப்பு) விதியில, தலைக்குப் பின்னால நிக்கற மெயின் வளையத்துக்கு 45 எம்எம் விட்டம், 2.5 எம்எம் கனம். இல்லைன்னா 50க்கு 2. மெயின் கால் ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது மூணு 8 எம்எம் போல்ட், அடியில 3 எம்எம் கனத்துல 120 சதுர சென்டிமீட்டர் பிளேட். ஹாரோ அண்ணனுக்குப் போட்டவங்க இதுல ஒண்ணைக்கூடப் பண்ணலை. வளையத்தோட உச்சியில இருந்து முன்னாடி பானெட் வரைக்கும் ஒரு நீளக் கட்டையை வச்சுப் பாருங்க, ஹெல்மெட் அதுக்குக் கீழ நல்லா இறங்கி இருக்கணும். கண்ணாடிச் சட்டத்தைக் கணக்குல சேர்க்காதீங்க, எம்ஜிபில அது அலுமினியம். தோள் பெல்ட் பின்னால போற சரிவு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினா அடி வாங்கும்போது முதுகெலும்பை அமுக்கும். பாருக்கு ஸ்பாஞ்ச் சுத்திடுங்க.

மேரு_ஷா ஆலம்

கோவை அண்ணே, எல்லாம் சரி, ஆனா கடைசி வரியை அப்படிப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. என் தம்பியின் எம்எக்ஸ்-5, அதுவும் மேல் திறந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு விளக்கில் நின்றிருந்தது. பின்னால் வந்த கார் மெதுவாகத்தான் இடித்தது. இருக்கை பின்னால் வளைந்து, தலை நேராகப் பாரில் போய் மோதியது. ஸ்பாஞ்ச் சுற்றித்தான் இருந்தது, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பாஞ்ச். கையால் அமுக்கினால் விரல் இரும்பைத் தொடும். எட்டுத் தையல். ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறவனுக்குக் காவலாக நிற்கிற அதே பார், வெறும் தலையோடு மார்க்கெட்டுக்குப் போகிறவனுக்குச் சுத்தியல். ரேஸுக்கென்றே செய்கிற கெட்டியான பேடிங் இருக்கிறது, நகத்தால் அழுத்தினாலும் சுலபமாக இறங்காது. அதைப் போடச் சொல்லுங்கள். தலைக்கும் பாருக்கும் நடுவில் இடமே இல்லாத வண்டி என்றால், தெருவில் ஓட்ட அந்தப் பார் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

கோவை_ஃபேப்ரிகேட்டர்

நீங்க சொல்றது சரிங்க. ஸ்பாஞ்ச்னு நான் எழுதினது தப்பு. தம்பி இப்ப நல்லா இருக்காரா?

மேரு_ஷா ஆலம்

நன்றாக இருக்கிறான். காரை விற்றுவிட்டான்.

ஹாரோ_எம்ஜிபி

எல்லோருக்கும் நன்றி. துருத் தகட்டை வெட்டி எடுத்தாச்சு, கையளவு என்று நினைச்சது முழங்கை நீளத்துக்குப் போயிட்டுது. புதுத் தகடும் 3 எம்எம் பிளேட்டும் வந்திருக்கு. சனிக்கிழமை வெல்டிங். எம்ஜிபி வைச்சிருக்கிறவை கவனியுங்கோ: சீட்டுக்குப் பின்னால் அந்தத் தட்டுக்கு அடியில்தான் 6 வோல்ட் பட்டரி ரெண்டும் இருக்கு. ரெண்டையும் வெளியில் எடுத்து வைச்சிட்டுத்தான் கிரைண்டரைத் தொடுறது. மகளுக்கு நான் இன்னும் சொல்லேல்லை.