கட்டி முடித்த ஆஸ்பத்திரி பில் கிரெடிட் ரிப்போர்ட்டில் இன்னும் நிற்கிறது

டெக்சாஸ், டாலஸ் பக்கம் இருக்கிறோம். 2023 மார்ச்சில் நள்ளிரவில் மகளுக்கு மூச்சுத்திணறல், எமர்ஜென்சிக்கு ஓடினோம். இன்சூரன்ஸ் போக 1,340 டாலர் எங்கள் தலையில். வீடு மாறியதில் பில் கைக்கு வரவில்லை, நேரே வசூல் ஏஜென்சிக்குப் போய்விட்டது. தெரிந்ததும் 2024 ஜூனில் முழுசாகக் கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது.

கட்டிய மருத்துவக் கடனை 2022 ஜூலை முதல் கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் மூன்று பெரிய நிறுவனங்களும் காட்டக்கூடாது. எனக்கு ஒன்றில் மட்டும் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் மருத்துவம் என்ற சொல்லே இல்லை, சாதாரணக் கடனாகப் பதிந்திருக்கிறார்கள்! ஆன்லைனில் ‘பதிவு தவறு’ என்று இரண்டு டிஸ்ப்யூட், ரசீதோடு ஒரு பதிவுத் தபால். 30 நாள் கழித்து ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரே வரி. ஏஜென்சிக்குப் போன் போட்டால் பாட்டுதான் ஓடுகிறது. அடுத்த மாதம் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இப்படித் தப்பாகப் பதிந்ததை நீக்க வைத்தவர்களுக்கு எது பலித்தது: சி.எஃப்.பி.பி.யில் (அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு) புகாரா, ஆஸ்பத்திரியிடம் வாங்கிய கடிதமா?