ஆனர்ஸ் கல்லூரி நிகழ்வுகளுக்குச் செல்வதால் நம்மிடம் எது வளர்கிறது?

வினா: வைகைக்கரை மாணவி

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, சென்ற ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கச் சேர்ந்தேன். தேர்ந்தெடுத்த மாணவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தரும், அங்குள்ள ஆனர்ஸ் கல்லூரியிலும் இடம் கிடைத்தது. அதில் நீடிக்க வேண்டுமானால், மதிப்பெண் சராசரியைக் காப்பாற்றுவதோடு, ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது ஆறு நிகழ்வுகளில் கலந்துகொண்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். வெளியூர்ப் பேராசிரியர்களின் சொற்பொழிவு, இறுதியாண்டு மாணவர்கள் தம் ஆய்வேட்டை விளக்கிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வு, டீன் வீட்டில் இரவு உணவோடு நடக்கும் நூல் உரையாடல், இசைக் கச்சேரி எனப் பலவகை நிகழ்வுகள் பட்டியலில் உள்ளன.

முதல் செமஸ்டரில் ஆறையும் முடித்துவிட்டேன். வாசலில் கைபேசியால் குறியீட்டை ஸ்கேன் செய்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, கேள்வி நேரம் தொடங்கியதும் எழுந்து வந்துவிடுவேன். சொற்பொழிவுக்குப் பின் வெளிக்கூடத்தில் தேநீரும் சிற்றுண்டியும் வைத்திருப்பார்கள். எல்லாரும் நின்றபடியே அறிமுகமில்லாதவர்களோடு பேசுவார்கள். அந்த அரைமணி நேரம் எனக்கு அச்சத்தைத் தருகிறது. பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்வதுதான் என் பள்ளியில் எங்களுக்கு இருந்த பழக்கம். நாமாகச் சென்று ஒரு பேராசிரியரிடம் ஐயம் எழுப்புவதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ணியே வளர்ந்தேன்.

நான் எழுதிக் கொடுத்த ஆறு பக்கங்களையும் நேற்று மீண்டும் படித்துப் பார்த்தேன். யார் பேசினார், என்ன சொன்னார் என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. நான் எங்கும் இல்லை. இத்தகைய நிகழ்வுகளால் தம்மிடம் மெய்யான மாற்றத்தைக் கண்டவர்கள், அந்த மாற்றம் எதனால் வந்தது என்று எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன். இந்த நேரத்தை வேதியியல் பாடத்துக்குச் செலவிடுவதே மேல் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 1: முன்னாள் மாணவன்

தங்கைக்கு வணக்கம். நானும் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் மாணவனாக இருந்தவன். முதல் ஆண்டு முழுவதும் நீங்கள் சொல்லும் கடைசி வரிசையில்தான் இருந்தேன். என்னை மாற்றியது பெரிய அரங்கில் கேட்ட எந்தச் சொற்பொழிவும் இல்லை; பன்னிரண்டு பேர் மட்டுமே இருந்த ஒரு சிற்றறையில் நடந்த ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு. நான்காம் ஆண்டு மாணவி ஒருவரிடம் தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். அவர் சற்று யோசித்துவிட்டு, தமக்கு விடை தெரியவில்லை என்றும், இன்ன சோதனையைச் செய்து பார்த்தால் தெரிந்துகொள்ளலாம் என்றும் நிதானமாகச் சொன்னார். தேர்வாளர்களின் முகங்களில் மகிழ்ச்சி தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்வது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று அதுவரை நம்பியிருந்த எனக்கு, அந்த ஒரு நிமிடம் பெரிய விடுதலையாக இருந்தது.

எனவே, அடுத்த செமஸ்டரில் கூட்டம் குறைவாக வரும் நிகழ்வுகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். போவதற்கு முன் பேசுபவரின் கட்டுரை ஒன்றின் சுருக்கத்தையாவது படித்து, ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கூட்டத்தில் கேட்க முடியாவிட்டால் அன்றிரவே மின்னஞ்சலில் கேளுங்கள். எனக்குப் பெரும்பாலும் பதில் வந்திருக்கிறது.

மறுமொழி 2: கல்லூரி ஆசிரியை

நீங்கள் அஞ்சுகிற அந்த அரைமணி நேரத்தை நிகழ்வின் ஒட்டுப் பகுதியாகக் கருத வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் ஏய்டலாட், பென்சில்வேனியாவிலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைவரானதும், 1922-இல் அங்கே ஆனர்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். அதன் உயிர்நாடி இரண்டு: சிறு குழுவில் மாணவரே கட்டுரை படைத்து விவாதிப்பது, இறுதியில், பாடம் நடத்திய ஆசிரியருக்குப் பதிலாக, வெளியிலிருந்து வரும் அறிஞர்கள் எழுத்திலும் நேர்ப்பேச்சிலும் மாணவரைத் தேர்வு செய்வது. அந்த வழக்கம் அங்கே இன்றும் தொடர்கிறது. தம்மை முன்பின் அறியாத ஓர் அறிஞரின் எதிரே அமர்ந்து தம் எண்ணத்தைத் தாமே விளக்கும் ஆற்றலைத்தான் ஆனர்ஸ் கல்வி தொடக்கத்திலிருந்தே வளர்க்க முயன்றது. தேநீர்க் கோப்பையோடு நிற்கும் அந்த அறிஞர், மதிப்பெண் போடாத ஒரு வெளித்தேர்வாளர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கங்களில் நீங்கள் இல்லை என்பதை நீங்களே கண்டுபிடித்தது மிகவும் நல்ல செய்தி. அமெரிக்க ஆனர்ஸ் கல்வியாளர்களிடையே ‘நகரமே பாடநூல்’ என்னும் பொருள்படும் பயிற்சி முறை ஒன்று பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளது. மாணவர்கள் சிறு குழுக்களாக ஒரு நகரத்துக்குள் சென்று, வரைபடம் வரைந்து, கூர்ந்து நோக்கி, அங்குள்ளோர் பேசுவதைக் கேட்டு, பின்னர் அதைத் தம் முன்னெண்ணங்களோடு ஒப்பிட்டு எழுதுவார்கள். அந்த ஒப்பிடுதல் இல்லாத அறிக்கை வெறும் கூட்டக் குறிப்பாகவே நின்றுவிடும். போகும்போது நீங்கள் என்ன நினைத்திருந்தீர்கள் என்பதைப் பக்கத்தின் முதல் வரியாக எழுதிப் பாருங்கள்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், சென்னை

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எங்கள் ஊரில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. 1928-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சுப்பிரமணியன் சந்திரசேகர் இயற்பியல் ஆனர்ஸ் மாணவராக இருந்தார்; பதினெட்டை ஒட்டிய வயது. மியூனிக்கிலிருந்து இந்தியாவுக்கு வந்திருந்த ஆர்னால்டு சொம்மர்ஃபெல்டு அந்தக் கல்லூரியில் உரையாற்றினார். அணு அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலைச் சந்திரசேகர் தாமாகவே கற்றுத் தேர்ந்திருந்தார். மற்ற மாணவர்களும் அந்த உரையைக் கேட்டார்கள். சந்திரசேகரோ மறுநாள் சொம்மர்ஃபெல்டு தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைச் சந்தித்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த முதல் செய்தி மனத்தை உடைக்கக்கூடியது. ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் முதலியோர் அணுவுலகை விளக்க உருவாக்கிய குவாண்டம் இயக்கவியலால் இயற்பியலின் அடித்தளமே மாறிவிட்டது என்றும், அவர் அரும்பாடுபட்டுக் கற்ற அந்த நூல் பழையதாகிவிட்டது என்றும் நூலாசிரியரே சொன்னார். கூடவே, உலோகங்களில் எலெக்ட்ரான்களின் இயக்கத்துக்கு, துகள்கள் ஆற்றல் நிலைகளில் எப்படிப் பரவும் என்று கணிக்கும் புதிய புள்ளியியலைப் பொருத்தித் தாம் எழுதிய, அப்போது இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் படியையும் கொடுத்தார். சந்திரசேகர் சோர்ந்துவிடாமல் அதைப் படித்து, சில மாதங்களிலேயே அந்தப் புள்ளியியலைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அது கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலர் வழியாக 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930-இல் அதே ஃபௌலரிடம் ஆராய்ச்சி செய்ய அவர் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் அவர் போட்ட கணக்கு வெள்ளைக் குறுமீன்கள் எனப்படும், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு வழிகாட்டியது. 1983-இல் நோபெல் பரிசும் வந்தது.

அவர் மேதை, அந்த அறிவு எல்லாருக்கும் வாய்க்காதுதான். ஆனால் மறுநாள் விடுதிக் கதவைத் தட்டுவதற்கு மேதையாக இருக்க வேண்டிய தேவை இல்லை. அவர் படித்துவிட்டுப் போனார், தாம் கற்றது பழையது என்று கேட்க நேர்ந்தபோதும் அங்கிருந்து ஏதோ ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தார். என் மாணவர்களிடம் நான் பல ஆண்டுகள் இதைச் சொல்லியிருக்கிறேன். மிகச் சிலரே போய்க் கேட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

மறுமொழி 4: இரண்டாம் ஆண்டு மாணவன்

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டு மாணவர்களாகிய நாம் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நான் அதையும் செய்துகொண்டு, ஆர்வத்தில் ஒரே செமஸ்டரில் பதினான்கு நிகழ்வுகளுக்குப் போனேன். கால்குலஸ் பாடத்தில் மதிப்பெண் சரிந்தது. அந்தப் பதினான்கில் பாதியின் தலைப்புகூட எனக்கு நினைவில்லை. ஆறே போதும், அக்கா.

வைகைக்கரை மாணவி (மூன்று வாரங்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. சென்ற வியாழக்கிழமை, வறண்ட ஆற்றுப்படுகை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் நீர் வந்ததும் எப்படி மீண்டும் செயல்படத் தொடங்குகின்றன என்பதைப் பற்றிய ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்குச் சென்றேன். முந்தைய நாளே ஆய்வுச் சுருக்கத்தைப் படித்து ஒரு கேள்வியை எழுதி வைத்திருந்தேன். எத்தனை மாதங்கள் வறண்டு கிடந்த மண்ணைச் சோதித்தீர்கள் என்று கேட்டபோது என் குரல் நடுங்கியது. ஆறு வாரங்கள் என்றார் அந்த மாணவர். உடனே தேர்வாளர்களில் ஒருவர் என் பக்கம் திரும்பி, ஏன் இதைக் கேட்கிறாய் என்றார். எங்கள் ஊர் வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் என்றும், சித்திரைத் திருவிழாவுக்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். அதன் பின் வெளிக்கூடத்தில் நாங்கள் மூவரும் வைகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். தேநீர் ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை.

ஆற்றின் படங்கள் இருந்தால் அனுப்பும்படி அந்த மாணவர் நேற்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். யானைக்கல் பாலத்தின் மேலிருந்து எடுத்து அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். இந்த முறை என் பக்கம், நான் போகும்போது என்ன நினைத்திருந்தேன் என்பதில் தொடங்குகிறது.