வீட்டில் பூனைக்கு நகம் வெட்டுதல்: புதுச்சேரியிலிருந்து ஓர் அனுபவம்

பூனைக்கு நகம் வெட்டும் வேலையில் பெரும்பகுதி, நகவெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது, முத்தியால்பேட்டையில் மாடி வீடொன்றில் இரண்டு பூனைகளை வளர்க்கும் எனக்குக் கிடைத்த அனுபவம். பிடரியைப் பிடித்துத் தூக்கி, துண்டில் சுருட்டி, இருவர் அமுக்கிக்கொண்டு வெட்டுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் அடுத்த முறை நகவெட்டியைக் கண்டதுமே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

எங்கள் வீட்டுப் பூனைகள் மதிய வெயிலில் உண்ட களைப்போடு தரையில் நீட்டிப் படுத்திருக்கும் நேரத்தையே நான் தேர்ந்தெடுத்தேன். முதலில் தோளைத் தடவி, அங்கிருந்து கை மெல்ல இறங்கிப் பாதத்தைத் தொட்டுவிட்டு விலகும், அவ்வளவுதான். அதைப் பொறுத்துக்கொண்டால் உப்புச் சேர்க்காமல் அவித்த நெத்திலி ஒரு துண்டு. காலை இழுத்துக்கொண்டால் உடனே விட்டுவிடுவேன், ஏனெனில் தான் மறுத்தால் நாம் விடுவோம் என்ற நம்பிக்கை வந்த பிறகே பூனை மறுப்பதைக் குறைக்கிறது. சில வாரங்களில், விரலின் மேற்புறத்தையும் அடிச்சதையையும் சேர்த்து மெதுவாக அழுத்தி, உறைக்குள் மடங்கியிருக்கும் நகத்தை வெளியே வரச் செய்யும் அளவுக்கு இரண்டும் பழகிவிட்டன. நகவெட்டியின் ‘டக்’ என்ற ஓசைக்குப் பழக்குவதற்காக, பூனையின் அருகில் அமர்ந்து வேகவைக்காத சேமியாவை வெட்டிக் காட்டினேன். இது சிறு வேலையாகத் தோன்றினாலும் மிகவும் உதவியது.

பூனையின் நகம் பெரும்பாலும் ஒளி ஊடுருவும்படி வெளிறியிருப்பதால், உள்ளே இளஞ்சிவப்பாக ஓடும் ரத்தக்குழாய்ப் பகுதியை நல்ல வெளிச்சத்தில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கேதான் நரம்பும் இருக்கிறது. அதற்கு இரண்டு மில்லிமீட்டராவது முன்னால் நிறுத்தி, வளைந்த கூர்முனையை மட்டும் நீக்கினால் போதும். நகத்தின் இரு பக்கங்களையும் நசுக்குவது போல வெட்டினால் அது பிளந்துவிடும். ஆகவே மேலிருந்து கீழாக வெட்டு விழும்படி நகவெட்டியைப் பிடிக்க வேண்டும். முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு என மொத்தம் 18 நகங்களையும் ஒரே அமர்வில் முடிக்கும் அவசியம் எதுவுமில்லை. வாலை விசிறத் தொடங்கினால் நான் அன்றைக்கு நிறுத்திவிடுவேன்.

ரத்தம் கசிந்தால் சோளமாவை நகநுனியில் வைத்துச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். டெட்டாலை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அதிலுள்ள குளோரோசைலெனால் பூனைக்கு நஞ்சு, பூனையோ காயத்தை நக்காமல் இருக்காது.

வைத்திக்குப்பத்தில் நாங்கள் அத்தை என்று அழைக்கும் பெரியவர் ஒருவரிடம் வயதான பெண் பூனை ஒன்று இருக்கிறது. அது நொண்டத் தொடங்கியபோது சுவரிலிருந்து குதித்து அடிபட்டிருக்கும் என்றே அனைவரும் எண்ணினோம். குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றபோதுதான், முன்காலின் உட்பக்கத்தில் சற்று உயரத்தில் இருக்கும் கட்டைவிரல் நகம் வளைந்து வளர்ந்து, பாதச்சதைக்குள்ளேயே குத்தி நின்றது தெரியவந்தது. அந்த நகம் தரையில் படுவதில்லை. முதுமையில் பூனை பிறாண்டுவதும் குறைவதால், பழைய மேலுறை கழன்று விழாமல் நகம் தடித்துக்கொண்டே போகிறது. வயதான பூனை வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அந்த ஒரு நகத்தையாவது விரலால் தடவிப் பார்க்கும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சதைக்குள் புகுந்துவிட்ட நகத்தை வீட்டில் வெட்டி எடுக்க முயலக் கூடாது. அது மருத்துவரின் வேலை.

கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருக்கும் என் அக்கா, மீன் இறங்கும் இடத்திற்குப் போய்த் திரும்பும் தன் பூனைக்கும் வெட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தெருநாய் துரத்தினால் மரத்திலோ மதிலிலோ ஏறிப் பிழைப்பதற்கு அதற்கு அந்தக் கூர்மை தேவை. மாறாக, வீட்டுக்குள் நாற்காலியைப் பிறாண்டாமல் இருக்க, ஒரு மரக்கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கமாகச் சுற்றி வைக்கச் சொன்னேன். வெளியே திரியும் பூனைக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும். அப்படிப்பட்ட பூனை கீறிவிட்டால், கீறல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.