பூம்பாறைக் குடும்பம்: போன் குழுவில் செவ்வாய்க்கிழமை உரையாடல்

செல்வராணி: கவிதாவின் கல்விக் கடன் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். இப்போதுதான் வங்கியைவிட்டு வெளியே வந்தோம். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

சுமதி: ஐயோ மதினி. ஏனாம்?

செல்வராணி: கவிதா அப்பாவின் சிபில் மதிப்பெண் 611 என்கிறார்கள். அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற கடன், அதனால் அவருடையதையும் பார்ப்பார்களாம்.

முத்து: 611ஆ! பத்தாம் வகுப்பில்கூட மாமா இவ்வளவு வாங்கியதில்லை.

வேலுச்சாமி: டேய்.

பால்பாண்டி: யாரும் பதறாதீர்கள். 31 வருடம் வங்கியில் காசாளராக இருந்தவன் சொல்கிறேன். சிபில் என்பது 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம். நாம் எங்கே கடன் வாங்கினாலும், எந்த மாதம் கட்டினோம், எந்த மாதம் விட்டோம் என்று அங்கே குறிப்பு போய்விடும். அதை வைத்து 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுவார்கள். 750க்கு மேல் இருந்தால் மேலாளர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் உண்டு. நான்கிலும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். முதலில் அதை எடுத்துப் பாருங்கள். எடுக்காமல் பேசுவது, ரத்தப் பரிசோதனை செய்யாமல் மருந்து சாப்பிடுவது மாதிரி.

முத்து: பெரிய மாமா 2000இலிருந்து ஆரம்பித்துவிட்டார். இன்றைக்குள் 2010 வந்துவிடும்.

சுமதி: அண்ணே, அடிக்கடி பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று எங்கள் தெருவில் சொன்னார்களே?

பால்பாண்டி: நம்முடையதை நாமே பார்த்தால் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஒரே மாதத்தில் நான்கு வங்கியில் விண்ணப்பம் போட்டால், அவர்கள் பார்ப்பதால் குறையும். செல்வராணி, கோபத்தில் அடுத்த வங்கிக்கு ஏறிவிடாதே.

செல்வராணி: பஸ்ஸிலேயே ஏற முடியவில்லை அத்தான். அவ்வளவு கூட்டம்.

சுமதி: வத்தலக்குண்டில் ஒருவர் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை 800 ஆக்கித் தருகிறாராம். எண் அனுப்பட்டுமா?

பால்பாண்டி: அனுப்பாதே. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை ஏற்றிக்கொடுக்க எவனாலும் முடியாது. 5,000 போவதோடு பான், ஆதார் எல்லாம் அவன் கைக்குப் போய்விடும்.

கவிதா: பெரியப்பா, பஸ்ஸில் உட்கார்ந்தே அறிக்கையை இறக்கிவிட்டேன். அப்பாவின் பான் எண்ணைப் போட்டு, போனுக்கு வந்த குறியீட்டைக் கொடுத்தேன், வந்துவிட்டது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வாகனக் கடன், 2018. அப்பா பெயருக்கு நேரே ‘ஜாமீன்தாரர்’. 2020 செப்டம்பர் வரை எல்லாக் கட்டத்திலும் 000. அக்டோபரில் 030, நவம்பரில் 060, டிசம்பரில் 090. கடைசியில் ‘செட்டில்டு’, தள்ளுபடி 41,300 ரூபாய்.

சுமதி: ஜீப்!

முத்து: வந்தது பார் ஜீப்.

சுமதி: அந்த ஜீப்பில் ஒரு நாளாவது தங்கராசு அண்ணன் எங்களை ஏற்றியிருப்பாரா? காது குத்துக்கு மன்னவனூரிலிருந்து நடந்து வந்தோம்.

செல்வராணி: சுமதி, காது குத்தை இப்போது எடுக்காதே. அன்றைக்கு மழை.

பால்பாண்டி: கவிதா கண்ணு, அந்த எண்கள் தவணை எத்தனை நாள் தாமதம் என்பதைக் காட்டுகின்றன. 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி தவணையைத் தள்ளிப்போட அனுமதித்ததால் அந்த மாதங்கள் சுத்தமாக இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கிறது. ‘செட்டில்டு’ என்றால், முழுதாகக் கட்டவில்லை, பேரம் பேசி முடித்தார்கள் என்று அர்த்தம். கட்டியவனுக்குக் கணக்கு முடிந்த மாதிரி இருக்கும், வங்கிக்கு அது வடு. ஜாமீன் போட்டவனுக்கும் அதே வடுதான்.

வேலுச்சாமி: சாட்சிக் கையெழுத்து என்றுதான் சொன்னார்கள்.

சுமதி: தங்கராசு அண்ணன் எல்லாவற்றையும் படித்துவிட்டார் என்று காட்டுகிறது. அழுத்திப் பார்த்தேன்.

முத்து: அவரைக் குழுவில் சேர்த்தது யார்?

செல்வராணி: நான்தான். என் அண்ணன், சேர்க்கக் கூடாதா?

கவிதா: இன்னொன்றும் இருக்கிறது. 2023, நுகர்வோர் பொருள் கடன், அதாவது போன் மாதிரி பொருள் வாங்கத் தருவது, 13,999 ரூபாய், ஆறு தவணை. கடைசி இரண்டு பாக்கி. அப்பா போன் எதுவும் வாங்கவில்லையே?

பால்பாண்டி: ஆகா, இது தவறான பதிவு! உடனே புகார் போடு. 30 நாளுக்குள் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து அதுதான் விதி. யாரோ மோசடிக்காரன் வேலுச்சாமியின் பானை வைத்து வாங்கியிருக்கிறான். காவல் நிலையத்திலும் ஒரு மனு கொடுத்துவிடலாம்.

சுமதி: பாவி. யாராக இருக்கும்?

பால்பாண்டி: முத்து, நீதான் போன் விஷயம் தெரிந்தவன். அந்த நிறுவனம் எது என்று பார்த்துச் சொல்.

கவிதா: முத்து அத்தான்?

சுமதி: முத்து?

சுமதி: டேய் முத்து.

முத்து: மாமாதான் தீபாவளிக்கு வந்தபோது பான் அட்டையைக் கொடுத்தார். எனக்கு அப்போது திருப்பூரில் வேலை மாறியது. இரண்டு மாதம் சம்பளம் இல்லை. கட்டிவிடலாம் என்று இருந்தேன்.

வேலுச்சாமி: ஆமாம், கொடுத்தேன். மறந்துவிட்டது.

பால்பாண்டி: அப்படியானால் புகார் போட முடியாது.

தங்கராசு: இப்போது பேசலாமா? மாப்பிள்ளை, நான் உங்கள் கழுத்தைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை. ஊரடங்கில் கொடைக்கானலுக்கு ஒரு வண்டி ஏறவில்லை. ஜீப்பை வைத்துக்கொண்டு காட்டுமாட்டையா சுற்றிக்காட்டுவேன்? நிதி நிறுவனத்துக்காரன்தான் இவ்வளவு கட்டு, மீதி வேண்டாம் என்றான். வேண்டாம் என்றதை வலியப் போய்க் கட்டுவார்களா?

பால்பாண்டி: அவன் வேண்டாம் என்ற 41,300தான் இப்போது பிள்ளையின் படிப்பில் வந்து நிற்கிறது தங்கராசு. அதைக் கட்டி, நிலுவை இல்லை என்று சான்று வாங்கி, ‘செட்டில்டு’ என்பதை ‘குளோஸ்டு’, அதாவது முழுதாகக் கட்டி முடித்தது, என்று மாற்றித் தரக் கேட்க வேண்டும். அதன் பிறகும் மதிப்பெண் ஒரே நாளில் ஏறாது, மாதக்கணக்காகும். ஆனால் சான்றைக் காட்டினால் மேலாளர் பேச்சுக் கொடுப்பார். நர்சிங் கட்டணம் நான்கு லட்சம்தானே? ஏழரை லட்சம் வரை அடமானமே கேட்க மாட்டார்கள்.

செல்வராணி: அத்தான், அவருக்குப் பதில் நான் கையெழுத்துப் போட்டால்?

பால்பாண்டி: நீ இதுவரை கடன் வாங்கியதே இல்லை. உனக்கு -1 என்று வரும். வரலாறே இல்லை என்று அர்த்தம். தப்பில்லை. கேட்டுப் பார்க்கலாம்.

செல்வராணி: வரலாறு இல்லையாம். இருபது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன்.

சுமதி: மதினி, மலைப்பூண்டு இப்போது கிலோ என்ன விலை?

அப்பத்தா: (குரல் பதிவு, 0:52)

கவிதா: அப்பத்தா தன் காதுத் தண்டட்டியை விற்றுக்கொள்ளச் சொல்கிறார். அதன் பிறகு முழுக்க முத்து அத்தானைத் திட்டுகிறார்.

வேலுச்சாமி: தண்டட்டியைத் தொடக் கூடாது.

தங்கராசு: பூண்டு காயட்டும். வடுகபட்டிச் சந்தையில் போட்டதும் 20,000 தருகிறேன். மீதியை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

சுமதி: மீதியை மாப்பிள்ளையா?

பால்பாண்டி: பாதிப் பாதியாகக் கட்டினால் சான்று வராது. முதலில் எழுத்தில் கேளுங்கள், என்ன தொகை என்று. வட்டி ஏற்றியிருப்பான்.

வேலுச்சாமி: மேல்வயலில் காட்டுமாடு இறங்கிவிட்டது. பேட்டரி விளக்கை எங்கே வைத்தாய்?

செல்வராணி: நான் இன்னும் பஸ்ஸில் இருக்கிறேன். அடுப்புக்கு மேலே பாருங்கள்.

முத்து: இரண்டு தவணையும் கட்டிவிட்டேன். அபராதத்தோடு 5,840. ரசீதுப் படம் அனுப்பியிருக்கிறேன். மாமா, மன்னிக்க வேண்டும்.

பால்பாண்டி: ரசீது போதாது. சான்று வாங்கு. கடன் கொடுத்தவர்கள் இப்போது குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை சிபிலுக்கு விவரம் அனுப்ப வேண்டும், அதனால் அடுத்த மாதம் கவிதா மறுபடியும் பார்க்கட்டும்.

முத்து: சரி பெரிய மாமா.

சுமதி: அந்தப் போன் இப்போது எங்கே?

முத்து: உடைந்துவிட்டது.

செல்வராணி: அண்ணே, பூண்டு என்றைக்கு வடுகபட்டிக்குப் போகிறது? நானும் வண்டியில் வருகிறேன்.

சுமதி: தங்கராசு அண்ணன் படித்துவிட்டார் என்று காட்டுகிறது.